மேடும் மோட்டையும்: சொல்லின் வேரைத் தேடிய நல்லூர் சுவாமி

கடந்த வருடம் அம்மாவின் வயல் காணிக்குரிய அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பெறுவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மூலப்பத்திரம் 2009 இல் வழியில் எங்கோ போய்விட்டது. விண்ணப்பத்தைத் தட்டச்சுச் செய்து தந்தவர் எங்கள் ஊரின் பெயரை முரசுமேட்டை என்று அடித்திருந்தார். திருத்தித் தரும்படி கேட்டேன். மேடுதானே, அதில் என்ன பிழை என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. பின்னால் நின்ற வயதான ஐயா ஒருவர்தான் வாய் திறந்தார். மேடு என்றால் உயர்ந்த நிலம், மோட்டை என்றால் தண்ணீர் நிற்கும் பள்ளம், ஓர் எழுத்தை மாற்றினால் பள்ளம் மேடாகிவிடும் தம்பி என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். தட்டச்சுக்காரர் சிரித்தபடி திருத்தினார்.

மேட்டுக் காணிக்கும் வயல் காணிக்கும் அனுமதிப்பத்திரம் ஒன்றல்ல என்பது எங்கள் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். ஆகவே அது வெறும் எழுத்துப்பிழை என்று விட்டுவிடக் கூடியதல்ல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே மண்டைக்குள் நின்றது. வன்னியில் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு எத்தனை பெயர்கள்! பெரிதாக அணை கட்டியது குளம். ஆழமாக இருப்பது மடு. மழைத்தண்ணீர் தேங்கிக் கொஞ்சக் காலம் நின்று வற்றும் சிறு பள்ளம் மோட்டை. வில்லு, கேணி, துரவு, கட்டு என்று இன்னும் இருக்கின்றன. ஊர்ப்பெயர்களும் அவற்றிலிருந்தே வந்தவை. வவுனியாப் பக்கத்தில் பாலமோட்டை. எங்களுக்குத் தண்ணீர் தரும் குளம் இரணைமடு. இரணை என்றால் இரட்டை. பூநகரிக்கு அப்பால் கடலில் கிடக்கும் இரணைதீவும் இரட்டைத் தீவுதான்.

முரசு என்ற முன்பாதிதான் சிக்கலானது. முரசு அறைந்த இடம் என்று சின்ன வயதில் நாங்களே கதை கட்டிக்கொள்வோம். எங்கள் பேச்சில் பல்லின் ஈறுக்கும் முரசு என்றே பெயர். அதை வைத்து வகுப்பில் பகிடி விடாத வருடம் கிடையாது. கதை கட்டுவது சுகமான வேலை. சொல்லின் வரலாற்றைத் தேடுவது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரு மனிதர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் அவருடைய பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி மறந்திருந்தேன். அலுவலகத்தில் நடந்தது அவரிடம் திரும்பிப் போக வைத்தது.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1875 ஆகஸ்ட் 30 ஆம் திகதி மானிப்பாயில் பிறந்தார். சைவக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் வைத்திலிங்கம். மானிப்பாய் அந்தக் காலத்தில் சொற்களின் ஊர் என்று சொன்னால் மிகையில்லை. 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842 இல் அங்கிருந்துதான் அச்சேறியது. அதற்கு மானிப்பாய் அகராதி என்றே இன்னொரு பெயர் உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, உடலுறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்க் கூட்டுச்சொற்களைத் தேடிக்கொண்டிருந்ததும் அதே ஊரில்தான். கிறீன் நாடு திரும்பி இரண்டு வருடங்களில் இந்தப் பிள்ளை பிறந்தது.

சிறுவயதிலேயே தகப்பன் போய்விட்டார். தாய் தங்கமுத்து பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மணம் முடித்தார். தாயோடு பிள்ளையும் கத்தோலிக்கத்துக்கு வந்தது. வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார். தம்பிமுத்துப்பிள்ளை அச்சகம் நடத்தியவர், எழுதுபவர். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோக்கும் ஒரு வீட்டில் அவர் வளர்ந்தார். பின்னாளில் சொற்களை உடைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஞானம், பிரகாசம் என்ற இரண்டும் சேர்ந்த கூட்டுப்பெயர் அது. அலோசியஸ் என்ற புனிதருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயரும் அதுதான். அதற்கு முன்பே போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து இந்தியாவுக்குப் போன சைவ முனிவர் ஒருவருக்கும் ஞானப்பிரகாசர் என்றே பெயர். சிதம்பரத்தில் அவர் பெயரால் குளம் இருக்கிறது. சைவரையும் கத்தோலிக்கரையும் ஒரே சொல் சுமந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்த ஒருவருக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் இருந்தது.

1893 இல் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி அரச வேலைக்குப் போனார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் ஒரு பெற்றோருக்கு என்ன வேண்டும். இரண்டு வருடத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குருமடத்துக்குப் போனார். 1901 டிசம்பர் 1 ஆம் திகதி அமலமரித் தியாகிகள் சபையின் குருவானார். சில வருடங்களில் நல்லூருக்கு வந்து சேர்ந்தார். ஊர்ப்பெயர் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

நல்லூர் கந்தசுவாமி கோயிலின் ஊர். ஆறுமுக நாவலர் பிறந்த ஊர். அங்கே ஒரு கத்தோலிக்கக் குரு, அதுவும் சைவத்திலிருந்து போனவர், வேலை செய்வது எளிதாக இருந்திருக்காது. சுற்றியுள்ள ஊர்களில் கோயில்களை எழுப்பினார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களிடையே அதிகம் உழைத்தார். சைவர்களோடு துண்டுப்பிரசுரச் சண்டையும் பிடித்தார். அந்தச் சண்டை எழுத்துகளை இன்று வாசிக்க எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. இரு பக்கமும் காரம் கூடிப்போன காலம் அது. ஆனால் சண்டை பிடிப்பதற்காக அவர் சைவ சித்தாந்தத்தை முறையாகப் படித்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இனி அவருடைய சொல் வேலைக்கு வருவோம். எழுபத்திரண்டு மொழிகள் தெரிந்தவர் என்று அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டு, அதற்கு ஒரு முறையைக் கண்டுபிடிக்க முயன்றார் என்பதே பெரிது. 1927 இல் தமிழ் அமைப்புற்ற வரலாறு, 1932 இல் தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சி. 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. கடைசியில் சொன்னதே அவருடைய வாழ்நாள் வேலை.

அவருடைய அடிப்படைக் கருத்தை எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே விளங்கப்படுத்தலாம். அது, இது, உது, எது. தூரத்தில் இருப்பது அது. எனக்குக் கிட்ட இருப்பது இது. உங்களுக்குக் கிட்ட இருப்பது உது. கேள்வி கேட்டால் எது. தமிழ்நாட்டுப் பேச்சில் உது செத்துவிட்டது. எங்களிடம் உயிரோடு இருக்கிறது. உந்தப் பக்கம், உங்கை, உவன் என்று நாளுக்கு நூறு தரம் சொல்கிறோம். போர் முடிந்த பிறகு இந்தியாவிலிருந்து வந்த ஒரு பத்திரிகை நண்பரிடம் உதை எடுங்கோ என்று சொன்னபோது அவர் தன் காலைப் பார்த்தார். யாரையோ உதைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இந்தச் சுட்டெழுத்துகளிலிருந்துதான் தமிழின் சொற்கள் கிளை விட்டன என்பது சுவாமியின் கொள்கை. தூரம், அண்மை, முன்னால் தள்ளுதல், மேலே எழுதல் போன்ற சில அடிப்படை உணர்வுகள் ஓரசையாகத் தொடங்கி, மெய்யெழுத்துச் சேர்ந்து வேராகி, வேர்கள் சொற்களாகி, சொற்கள் ஒன்றோடொன்று கூடிக் கூட்டுச்சொற்களாயின என்று அவர் கண்டார். சாதாரண அகராதியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்கு எழுத்து வரிசை தவிர வேறு உறவு கிடையாது. அவருடைய அகராதியில் ஒரு வேரில் பிறந்த சொற்கள் ஒரு குடும்பமாக ஒன்றாய் இருக்கும். அவற்றுக்கு உறவான கன்னடம், தெலுங்கு, மலையாளச் சொற்களும் கூடவே வரும். சமஸ்கிருதத்தையும் ஐரோப்பிய மொழிகளையும்கூட இழுத்து ஒப்பிடுவார்.

அங்கேதான் அவர் வழுக்கினார் என்று நினைக்கிறேன். ஒலி ஒத்திருந்தால் உறவு இருக்கும் என்ற ஆசை அவரை வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. 1961 இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டபோது அவர்கள் பிடித்த பாதை வேறு. திராவிட மொழிகளுக்கிடையில் ஒலிகள் ஒழுங்காக மாறும் விதியைப் பார்த்து, அதற்குள் நிற்கும் சொற்களை மட்டும் அடுக்கினார்கள். இன்றைய மொழியியலாளர் அந்தப் பாதையையே நம்புவர். என்றாலும் ஒரு பங்கின் கோயில் வேலையையும் பார்த்துக்கொண்டு, கணினியும் குழுவும் இல்லாமல், ஒரு தனி மனிதர் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்.

எனக்கு அவரிடம் மரியாதை கூடியது வேறொரு இடத்தில். ஊர்ப்பெயர்களில்.

யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களின் மூலத்தை அவர் ஆராய்ந்தார். 1928 இல் வந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலும் இந்த ஆராய்ச்சி உண்டு. வலிகாமம், கொடிகாமம் போன்ற பெயர்களைச் சிங்கள ஊர்ப்பெயர்களோடு ஒப்பிட்டுக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். சிங்களத்தில் வெலி என்றால் மணல், கம என்றால் ஊர். இந்த முடிவுகள் தமிழருக்கு இனிப்பானவை அல்ல. பின்னாளில் பலர் அவற்றை மறுத்து எழுதினார்கள். மறுபக்கத்தில் சிலர் அவற்றைத் தூக்கிப் பிடித்து, பார்த்தீர்களா உங்கள் ஆளே சொல்லிவிட்டார் என்றார்கள். அவரோ சொல்லை உடைத்தபோது உள்ளே என்ன இருந்ததோ அதைச் சொன்னார். ஒரு பெயரின் வேர் இன்னொரு மொழியில் இருப்பதால் அந்த நிலம் இன்றைக்கு யாருடையது என்று தீர்ப்பு வந்துவிடாது. இந்த வேறுபாடு புரியாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கமம் என்ற சொல்லையே எடுங்கள். கிராமம் என்ற வடசொல்லின் பாகத உருவத்தோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஆனால் கமக்காரர் என்று முரசுமோட்டையில் யாரையாவது கூப்பிட்டால், சேற்றுக் காலோடு திரும்பிப் பார்ப்பது சுத்தத் தமிழன்தான்.

வலிகாமத்தில் உள்ள அதே மணல் முல்லைத்தீவுப் பக்கத்திலும் இருக்கிறது. மணலாறு. மணல், ஆறு. பிள்ளைகளுக்கும் விளங்கும் கூட்டுச்சொல். 1984 இல் அங்கிருந்த தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1988 இல் அந்தப் பிரதேசம் வெலிஓயா ஆயிற்று. வெலி, மணல். ஓயா, ஆறு. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. வலிகாமத்தில் ஒரு சொல் நூற்றாண்டுக் கணக்கில் வாய்க்கு வாய் தேய்ந்து மொழி மாறியது. மணலாற்றில் ஓர் அரச அறிவித்தலில் மாறியது. முதலாவதைச் சுவாமி ஆராயலாம். இரண்டாவதற்குச் சொற்பிறப்பு அகராதி தேவையில்லை.

இதை எழுதும்போது அயர்லாந்து ஞாபகம் வருகிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நில அளவை செய்து வரைபடம் கீறியபோது ஐரிஷ் ஊர்ப்பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டார்கள். ஜோன் ஓடொனவன் என்ற அறிஞர் அதே நில அளவைப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே, ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கேட்டு, பெயர்களின் பழைய உருவத்தைப் பதிந்து வைத்தார். தலைநகரின் பெயரான டப்ளின் ஐரிஷ் மொழியின் இரண்டு சொற்கள் சேர்ந்தது. முன்பாதிக்குக் கறுப்பு, பின்பாதிக்கு மடு. கருமடு என்று சொல்லலாம். ஆங்கில எழுத்தில் பார்த்தால் அந்த மடு தெரியாது. இரணைமடுவுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அது அந்நியமாகவும் படாது.

சுவாமி 1947 ஜனவரி 22 ஆம் திகதி காலமானார். அகராதியின் சில பகுதிகளே அச்சாகியிருந்தன. தமிழ்நாட்டில் தேவநேயப் பாவாணர் வேர்ச்சொல் ஆய்வைத் தன் வழியில் பெரிதாக வளர்த்தெடுத்தார். யாழ்ப்பாணத்தில் சுவாமியின் அகராதி வேலையைத் தொடர்ந்தவர் தாவீது அடிகள். அவரும் குரு, அவரும் பல மொழி கற்றவர், சொற்பிறப்பு அகராதிக்கே தன் நாட்களைக் கொடுத்தவர்.

தாவீது அடிகளின் முடிவு எங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்த நெருப்பைப் பார்த்த அடிகள் அதிர்ச்சியில் விழுந்து இறந்தார் என்பது யாழ்ப்பாணத்தின் நினைவில் பதிந்த செய்தி. நான் அப்போது பிறக்கவில்லை. அம்மம்மா இதைச் சொல்லும்போது, புத்தகம் எரிந்ததற்கு ஒரு மனுசன் சாவானோ என்று நான் கேட்டதும், அவ பதில் சொல்லாமல் அடுப்பை ஊதியதும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தமிழ் ஆசிரியர் ஒருவர் 2008 மார்கழிக் கடைசியில் ஊரை விட்டுப் போனபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பெட்டி புத்தகம் ஏற்றினார். தர்மபுரம் வரை வந்தது. விசுவமடுவில் அரிசி மூட்டைக்கு இடம் வேண்டி அதை ஒரு மரத்தடியில் இறக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு தறப்பாளைப் போட்டுவிட்டு வந்தார். அந்த நேரத்தில் ஒரு தறப்பாளின் விலை என்னவென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பாதையைச் சுவாமியின் கண்ணால் பார்க்கிறேன். விசுவமடுவில் ஒரு மடு. உடையார்கட்டில் ஒரு கட்டு, உடையார் என்று பெயர் சொல்லும் ஓர் அணைக்கட்டு. புதுக்குடியிருப்பில் புதிது, குடி, இருப்பு என்று மூன்று சொற்கள். யாரோ ஒரு காலத்தில் காடு வெட்டி, புதிதாக வந்து குடியிருந்து வைத்த பெயர். நாங்களும் புதிதாகத்தான் போய் இருந்தோம். குடியிருக்கவில்லை. பிறகு முள்ளிவாய்க்கால். முள்ளி ஒரு முட்செடி. வாய்க்கால் தானே ஒரு கூட்டுச்சொல். வாய் என்றால் திறப்பு, கால் என்றால் தண்ணீர் ஓடும் வழி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு க் முளைக்கிறது. முட்செடி நிற்கும் கரையில் தண்ணீர் ஓடும் வழி என்பதைத் தவிர அந்தப் பெயருக்குள் எதுவும் இல்லை. எந்த அகராதி இனி அதற்கு அந்தப் பொருளை மட்டும் போட்டு நிறுத்தும்?

வட்டுவாகலைத் தாண்டி, செட்டிகுளத்து முகாமில் இருந்து, கடைசியில் ஊருக்குத் திரும்பியபோது வயல் காடு பற்றிப்போயிருந்தது. வீடு இருந்த இடத்தை வேம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். வளவின் பின்பக்கம் ஒரு மோட்டை இருந்தது. சின்ன வயதில் எருமைகள் அதற்குள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். திரும்பி வந்தபோது மண் சரிந்தும் பற்றை மூடியும் அது தெரியவே இல்லை. பிறகு தந்த காணி வரைபடத்திலும் அந்த இடம் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது.

சுவாமியின் பழைய நூல்கள் சிலவற்றை நூலகம் இணையத்தளத்தில் வாசிக்கலாம். மங்கிய அச்சு, பழைய எழுத்து. கைபேசியில் வாசிப்பது கண்ணுக்குக் கஷ்டம். மின்சாரம் போன இரவுகளில் நான் அப்படித்தான் வாசித்தேன். போன மார்கழி மழை நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா பின்வளவில் நின்று என்னைக் கூப்பிட்டா. பற்றைக்கு நடுவில் ஒரு பாயளவு தண்ணீர் நின்றது. உது பழைய மோட்டைதான் என்றா.